நீர்நாய்களோடு ஒரு பகை

அன்று காலை குட்டைக் கரையில் கிடந்த கெண்டை மீன்களில் பாதிக்குத் தலை இல்லை. மிச்சத்துக்கு வயிறு இல்லை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் புல் முழுக்கச் செதில் மினுங்கியது. ரப்பர் பூட்ஸோடு கரையில் நின்றவள் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசிக்குத் தின்றிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. வந்தது எதுவோ, ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த மீனுக்குத் தாவியிருந்தது.

"பந்தி நடத்தியிருக்குதுங்க!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "ருசி பாத்துப் பாத்துத் துப்ப இது என்ன உங்க மாமியார் வீடா?"

கரைச் சேற்றில் விரல்களுக்கு நடுவே தோல் ஒட்டிய காலடிகள் வரிசையாக இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தன. நீர்நாய்கள். ஒன்றிரண்டு அல்ல, ஒரு குடும்பமே வந்து போயிருந்தது.

அவளுக்கு அந்தக் கரையில் வெடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள். முதுகு திரும்பினால் வெடி. அது அவளுக்கும் தெரியும். ஐஸ் வண்டி ஓட்டுகிறவர் ஒருமுறை வாய் தவறி, "வெடிக்கா, இன்னிக்கு எத்தனை பெட்டி?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "திரி எரியுது, சீக்கிரம் ஏத்திட்டுக் கிளம்பு" என்றாள் அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன்தான் அவள் பிழைப்பு. குஞ்சு விடுவது, தீனி போடுவது, தண்ணீரில் காற்று குறைந்தால் மோட்டார் போட்டு அடிப்பது, வலை வீசிப் பிடித்துப் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்குவது, எல்லாம் அவளே. கைகளில் மீன் முள் கிழித்த தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன.

அவள் புருஷன் வெல்டர். வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. கேட்டு, ஜன்னல் கம்பி, படகுக்கு நங்கூரம் என்று எதைக் கேட்டாலும் செய்து தருவார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். ஆனால் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. முன்பு ஆற்றங்கரை நிலம் முழுக்க ஒன்றாக இருந்தது. மேல்பாதியை, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தை, வெல்டர் தன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் குட்டைகளுக்கு வருகிற தண்ணீர் கொழுந்தனின் மதகைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட நாளில் வாயை மூடியவள்தான். அவருக்குச் சொல்ல வேண்டியதை வீட்டு நாயிடம் சொல்வாள்.

"டேய், சாப்பாடு மேசையில இருக்கு. ஆறிப்போனா அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாதுன்னு உள்ள இருக்கறவர்கிட்ட சொல்லு."

நாய் வாலை ஆட்டும். பட்டறைக்குள்ளிருந்து, "வர்றேன்னு சொல்லுடா" என்று குரல் வரும்.

நீர்நாய்கள் வந்துபோன அன்று கொழுந்தன் கரைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, காலில் தோல் செருப்பு. சேற்றில் இறங்காமல் மேட்டிலேயே நின்றான். அவன் குட்டைகளிலும் நீர்நாய்கள் புகுந்திருந்தன.

"அண்ணி, இதுங்களுக்கு ஒரே மருந்துதான். கரையில எல்லாரும் பேசி முடிச்சாச்சு. மீனுக்குள்ள கொஞ்சம் பூச்சிமருந்தை வச்சு அங்கங்க போட்டா ஒரு வாரத்துல ஆறு சுத்தம்."

"ஆறு சுத்தமாகும். அதே தண்ணி உன் மதகு வழியா என் குட்டைக்குத்தானே வரும்? என் மீனும் சுத்தமாயிடும்."

"அதெல்லாம் கரைஞ்சு போயிடும் அண்ணி."

"நீ கரைஞ்சு போ மொதல்ல."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவனுடைய சிரிப்பைத்தான் அவளால் சகிக்க முடியாது. கோபப்பட்டால் பதிலுக்குக் கோபப்படலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

விஷம் வேண்டாம் என்றவள் நீர்நாய்கள்மேல் இரக்கப்படவில்லை. அடுத்த நாளே கடைத்தெருவுக்குப் போய், இரும்புச் சாமான் கடையில் ஒரு பொறி வாங்கி வந்தாள். இரண்டு பற்சட்டங்கள், நடுவில் ஒரு தட்டு; தட்டை மிதித்தால் சட்டங்கள் காலைக் கவ்விக்கொள்ளும். கீழ்க்குட்டையின் ஓரத்தில், காலடித் தடம் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில், புல்லை விலக்கி அதை வைத்தாள். ஆற்றுக்கு மிக அருகில் இருந்தது அந்தக் குட்டைதான். சங்கிலியை ஒரு முளையில் கட்டினாள். பட்டறை வாசலில் நின்று பார்த்த வெல்டர் நாயிடம் சொன்னார்:

"இது தப்புன்னு சொல்லுடா."

"எழுதிக் குடுத்தவங்க எனக்குத் தப்பு சரி சொல்லித்தர வேணாம்னு சொல்லுடா" என்றாள் அவள்.

நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

சில நாள் பொறி சும்மா கிடந்தது. பிறகொரு காலை, தீனி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவளுக்குத் தூரத்திலேயே சீழ்க்கைச் சத்தம் கேட்டது. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். கிட்டே போனதும் மூட்டையைக் கீழே போட்டாள்.

பொறியில் ஒரு குட்டி மாட்டியிருந்தது. பூனையைவிடச் சற்றுப் பெரிசு. பின்னங்கால் ஒன்று சட்டத்துக்குள். அது சங்கிலியை இழுத்து இழுத்து, சேற்றை உழுது வைத்திருந்தது. சீழ்க்கை அடித்தது அதுதான். அதைச் சுற்றி, பட்டப்பகலில், மனுஷி வருவது தெரிந்தும், மொத்தக் குடும்பமும் நின்றது. இரண்டு மூன்று தண்ணீரில் தலையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றன. கரையில் ஒரு பெரிய ஆண். குட்டியின் பக்கத்திலேயே தாய்.

அவள் இன்னொரு கையில் தீனி கலக்குகிற துடுப்பு இருந்தது. ஒரே போடாகப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் முன்னால் நடந்தாள். இதை அவளே பிறகு யாரிடமும் மறைக்கவில்லை.

தாய் ஓடவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்றது. அவள் இடுப்புயரம்கூட இல்லை. மீசை விறைக்க, பல்லைக் காட்டி, கொதிக்கிற கெட்டில் மாதிரி சீறியது. அவள் துடுப்பை ஓங்கினாள். அது குனியவும் இல்லை, விலகவும் இல்லை. நேரே அவள் முகத்தைப் பார்த்தது. ஓங்கிய துடுப்பு ஓங்கியபடி நின்றது. அவள் வாழ்க்கையில் அவளை அப்படி நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர்கள் குறைவு. கொழுந்தன் சிரிப்பான், புருஷன் பட்டறைக்குள் போய்விடுவார், வியாபாரிகள் பேச்சை மாற்றுவார்கள். இது மட்டும் நின்றது.

"போ! போய்த் தொலை!" என்றாள். குரல் அவளே நம்பும்படி இல்லை.

துடுப்பைக் கீழே போட்டாள். கரையில் கிடந்த காலித் தீனிச் சாக்கு ஒன்றை எடுத்துக் குட்டியின்மேல் வீசி மூடினாள். பொறியின் இரண்டு பக்க வில்லையும் பூட்ஸ் காலால் மிதித்தால்தான் சட்டம் திறக்கும். வலது காலை ஒரு பக்கம் வைத்தாள். இடது காலைத் தூக்கியபோது தாய் பாய்ந்தது. பூட்ஸையும் தாண்டிக் கெண்டைக்காலில் பல் இறங்கியது. அவள் அலறிய அலறலில் பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. கடித்துக்கொண்டிருந்ததை உதறாமல் இடது காலையும் வில்லின்மேல் வைத்து அழுத்தினாள். சட்டம் திறந்தது. சாக்குக்குள்ளிருந்து குட்டி நொண்டிக்கொண்டே வெளியே வந்து தண்ணீரில் விழுந்தது. தாய் பல்லை எடுத்துவிட்டு அதன் பின்னால் போனது. ஒரு நொடியில் ஆறு வெறும் ஆறாக இருந்தது.

வெல்டர் ஓடி வந்தபோது பூட்ஸுக்குள் ரத்தம் நிறைந்திருந்தது. அவர் தோள் கொடுத்தார். அவளும் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிவரை இரண்டு பேரும் ஊமைகளாகவே போனார்கள்.

நர்ஸ் காயத்தைக் கழுவிக்கொண்டே, "என்ன கடிச்சது?" என்று கேட்டாள்.

"நீர்நாய்."

"நாயா?"

"நீர். நாய். காது கேக்குதா?"

"ஊசி போடணும். இன்னும் சில தடவை வரணும். கத்தினா ஊசி குறையாது."

விஷயம் வனத்துறைக்குப் போனது. இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தாள். அவளுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும், வெயிலில் கறுத்த முகம், முழங்கால்வரை சேறு. கரையெல்லாம் நடந்து, செதில் கலந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்து, பொறியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நின்றாள்.

"இது யாருது?"

"என்னுது."

"இது குத்தம்னு தெரியுமா?"

"என் மீனை அது திங்கறது குத்தமில்லையா? அதுக்கு நீங்க எப்ப நோட்டீஸ் குடுக்கப் போறீங்க?"

"அம்மா, உங்களை உள்ள வைக்க எனக்கு ஆசையில்லை. ஆனா வைக்க முடியும்."

"வைங்க. மீனுக்குத் தீனி நீங்க போடுங்க."

இருவரும் வெகுநேரம் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவளே பொறியை மிதித்துத் திறந்தாள் என்பதை வெல்டர் பட்டறைக்குள்ளிருந்து சொன்ன பிறகுதான் அதிகாரியின் குரல் சற்று இறங்கியது. இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன், பொறியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். போகும்போது திரும்பி நின்றாள்.

"ஆத்துல மீன் குறைஞ்சுபோச்சு. அதான் உங்க குட்டைக்கு வருதுங்க. உங்க குட்டை பக்கம் வேலியே இல்லை. திறந்து வச்ச வீட்டுக்குள்ள வந்தவங்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? கம்பிவலை போடுங்க. அதுங்க தோண்டும், அதனால தரைக்குள்ளயும் இறக்கணும். காலையில நாயைக் கட்டி வைங்க. குட்டி இருக்கற நேரத்துல கிட்ட போகாதீங்க. அதுங்க வழியில நீங்க போகலைன்னா உங்க வழியில அதுங்க வராது."

"வந்தா?"

"கூப்பிடுங்க. நான் வந்து திட்டு வாங்கிக்கறேன்."

வேலி போட வேண்டும் என்றால் வெல்டரிடம் கேட்க வேண்டும். இரண்டு நாள் அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேறு பட்டறைக்குப் போகலாமா என்றுகூட யோசித்தாள். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். மூன்றாம் நாள் நாயைக் கூப்பிட்டாள். நாய் எங்கோ போயிருந்தது. காலை நொண்டிக்கொண்டு பட்டறை வாசலில் போய் நின்றாள்.

"யோவ். வேலி போடணும்."

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வருஷக்கணக்கில் நேராக அவரைப் பார்த்துப் பேசாத குரல்.

"எவ்வளவு உயரம்?" என்றார்.

"அது எனக்கெப்படித் தெரியும்? கடிச்சப்ப அளந்தா பாத்தேன்?"

அந்த வேலி போட்டு முடிப்பதற்குள் அவர்கள் போட்ட சண்டை, பேசாமல் இருந்த வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாக இருந்தது. கம்பி வாங்கியதில் சண்டை. குழி ஆழம் போதாது என்று சண்டை. முழங்கால் ஆழத்துக்கு வலையை மண்ணுக்குள் இறக்கி, அடிப்பாகத்தை ஆற்றுப் பக்கமாக மடித்துப் புதைக்க வேண்டும் என்றார் அவர். தோண்டுகிறது மடிப்பில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும். மேல் விளிம்பும் வெளிப்பக்கம் சாய வேண்டும், ஏறினால் வழுக்கும். தண்ணீர் வருகிற குழாய் வாய்களில் கம்பிச் சல்லடை. அவள் மண்வெட்டியோடு குழிக்குள் நின்றுகொண்டே கேட்டாள்:

"இவ்வளவு மூளை இருக்கே, நிலத்தை எழுதிக் குடுத்தப்ப அதை எங்க கழட்டி வச்சிருந்தீங்க?"

"தம்பி கேட்டான். குடுத்தேன்."

"என்னைக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருக்க மாட்டே."

அவள் கொஞ்ச நேரம் மண்ணை வெட்டினாள். "ஆமா, குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

கீழ்க்குட்டைக்கு வலை போதவில்லை. மற்றவற்றைச் சுற்றி வேலி எழும்பியது. ஒரு வாரம் நீர்நாய்கள் வேலியை முகர்ந்துகொண்டு நடந்தன, இரண்டு இடத்தில் தோண்டிப் பார்த்தன, பிறகு விட்டுவிட்டன. கீழ்க்குட்டையில் மட்டும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் திட்டினாள். அந்தப் பக்கம் அவை மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கடித்துத் தின்றபடி அவளைப் பார்த்தன. நாயைக் கட்டி வைத்துவிட்டுத்தான் திட்டப் போவாள். குட்டிகள் வெளியே இருந்தால் பாதி வழியிலேயே நின்றுகொள்வாள். காலில் காயம் அப்போதுதான் காய்ந்திருந்தது.

கொழுந்தன் வேலி போடவில்லை. ஒரு காலை அவள் கரையில் நடந்தபோது பூச்சிமருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. புல்லுக்குள் ஒரு மீன். வயிற்றைக் கிழித்துத் திரும்ப நூலால் தைத்திருந்தது. கொழுந்தன் சொன்ன அதே மருந்து. இன்னும் சற்றுத் தள்ளி இன்னொன்று. பிறகு தண்ணீரோரத்திலேயே ஒன்று.

அவள் வீட்டுக்கு வந்து மூடி போட்ட வாளியையும் பட்டறையில் கிடந்த நீள இடுக்கியையும் எடுத்துக்கொண்டாள். கையுறை போட்டுக்கொண்டாள். கரையின் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை புல்லைப் புல்லாக விலக்கித் தேடி, கிடைத்ததையெல்லாம் வாளியில் போட்டாள். வாளியோடு நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மாமியாரும் அவர்களோடுதான் இருந்தாள். வாளியோடு வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், தட்டுகளுக்கு நடுவே வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"யாரும் மூடியைத் தொடாதீங்க. மூக்கு எரியும்."

"என்னது இது?" என்றாள் மாமியார்.

"உங்க புள்ள ஆத்துக்கு வச்ச விருந்து. ஆத்துல ஆளில்லை, திருப்பிக் கொண்டாந்தேன். இந்தப் பிள்ளைங்க சாயந்திரம் எந்தத் தண்ணியில குதிக்குதுங்கன்னு கேளுங்க."

கொழுந்தனின் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்தாள். கொழுந்தன் முதல்முறையாகச் சிரிக்கவில்லை.

"அந்த ஜந்துவுக்காக வீட்டுக்குள்ள வந்து மானத்தை வாங்கறீங்களா அண்ணி? உங்களையே கடிச்சதுங்க அதுங்க!"

"என்னைத்தானே கடிச்சது? அது எனக்கும் அதுக்கும். என் எதிரியை நான் பாத்துக்கறேன். நடுவுல நீ யாருடா?"

"வெளிய போங்க."

"போறேன். வாளி மட்டும் என்னுது. காலி பண்ணிட்டுக் கழுவாம குடுத்தனுப்பாதே."

எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டோம் என்று நினைத்திருந்தாள். இல்லை. இரண்டு நாளில் அந்தப் பெரிய ஆண் கீழ்க்குட்டைக்குப் பக்கத்தில் நாணலுக்குள் செத்துக் கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. மற்றவை ஆற்றுக்குள் நின்று சீழ்க்கை அடித்துக்கொண்டே இருந்தன. அவள் அன்று திட்டவில்லை. காக்கை வராமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"யார் வச்சதுன்னு தெரியுமா?" என்று அதிகாரி கேட்டாள்.

"தெரியும்."

"சொல்லுவீங்களா? உங்க வீட்டு ஆளுங்கறாங்க."

"வீட்டு ஆளுன்னா விஷம் இனிக்குமா? எழுதிக்குங்க."

வெல்டரையும் கேட்டார்கள். தம்பியா, பெண்டாட்டியா என்று அன்று கரையே பட்டறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "அவ சொல்றது நெசம். வாளியை நான் பாத்தேன்" என்றார். சாயந்திரம் அவள் அவருக்குத் தட்டில் சாப்பாட்டைப் போட்டபடியே, "இந்த வாய் நிலம் எழுதின அன்னிக்குத் திறந்திருக்கலாம்" என்றாள்.

வழக்கு நடந்தது. கொழுந்தன் அபராதம் கட்டினான். மாமியார் வாசலில் வந்து நின்று, "மிருகத்துக்காக ரத்த உறவைக் காட்டிக் குடுத்தவ நல்லா இருப்பியா?" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவள் விளக்குமாற்றை எடுத்து அந்த மண்ணைப் பெருக்கினாள். கரையில் மீன் வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். ஐஸ் வண்டி அவள் வாசலில் நிற்காமல் போக ஆரம்பித்தது. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே தாண்டுவார். அவள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெல்டரோடு சேர்ந்து சந்தைவரை தள்ளினாள். மேட்டில் ஏறும்போது யார் சரியாகத் தள்ளவில்லை என்று வழிநெடுக சண்டை.

கொழுந்தன் மதகையும் அடைத்தான். ரிப்பேர் என்றான். ரிப்பேர் முடியவே இல்லை. அவள் ஆற்றில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தாள். எல்லாக் குட்டைக்கும் இறைக்க மோட்டாருக்குச் சக்தியில்லை. எதையாவது ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். வேலி இல்லாத கீழ்க்குட்டையில் இருந்த மீனை வலை போட்டுப் பிடித்து மாற்றினாள். மாற்றும்போது நீர்நாய்கள் வலையின் மறுமுனையைக் கிழித்து இரண்டு பெரிய கெண்டைகளைக் கொண்டுபோயின.

"வரி வசூலா?" என்று கத்தினாள். "குட்டையே போச்சு, இன்னும் என்ன வேணும்?"

கைவிட்ட குட்டை தானாகவே ஒரு பக்கம் உடைந்து ஆற்றோடு சேர்ந்துகொண்டது. நாணல் ஏறியது. சின்ன மீன்கள் ஆற்றிலிருந்து வந்து முட்டையிட்டன. நீர்நாய்கள் அதன் கரையில் ஒரு மரத்தின் வேருக்கடியில் வளை தோண்டின. வெல்டர் அந்த நாணலை வெட்டிவிடலாமா என்று கேட்டார். "அங்க கை வச்சே, கையை வெட்டுவேன்" என்றாள். அதற்குப் பிறகு நீர்நாய்கள் வேலிப் பக்கம் அதிகம் வரவில்லை. வந்த நாட்களில் அவள் திட்டினாள்.

அடுத்த வருஷம் குட்டிகள் பிறந்தன. எப்படியோ செய்தி பரவி, விடுமுறை நாட்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கார், கேமரா, மடக்கு நாற்காலி, பிஸ்கட் பாக்கெட். அவளுக்கு நீர்நாய்கள்மேல் இருந்த வெறுப்பெல்லாம் இவர்கள்மேல் இருந்ததற்கு முன்னால் ஒன்றுமில்லை. எட்ட நின்று, சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போகிறவர்களை அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஒருவன் வளைக்குப் பக்கத்தில் போய் ரொட்டியைப் பிய்த்து வீசினான்.

"அதுங்களுக்கு ஊட்டி விட நீ யாரு? உன் கையைப் பாத்து நிக்கப் பழகிட்டா நாளைக்கு எவன் கையில போய்ச் சாகும்? எடு அதை!"

"தண்ணில போச்சே..."

"இறங்கி எடு."

அவன் இறங்கி எடுத்தான்.

ஒரு நாள் பணக்காரத் தோரணையில் ஒரு குடும்பம் வந்தது. கூட்டிவந்த வேட்டைநாயின் வாரை அவிழ்த்துவிட்டார்கள். அது நேரே வளையை நோக்கி ஓடியது. தாய் வெளியே வந்து எழுந்து நின்றது. அன்று அவள் முன்னால் நின்றதைப் போலவே. அவள் தீனி வாளியை வீசி எறிந்துவிட்டு ஓடினாள். நொண்டும் காலோடு ஓடி, நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து, சேற்றில் புரண்டாள். நாய் அவள் முழங்கையைக் கடித்தது. எழுந்து நாயை அதன் சொந்தக்காரரின் வெள்ளைக் கால்சட்டையில் போய் மோதும்படி தள்ளிவிட்டாள்.

"இது பொது இடம்! நீங்க என்ன இந்த ஆத்துக்கு ஓனரா?" என்று அந்த ஆள் கத்தினார்.

"ஓனர் உள்ள இருக்காங்க. கூப்பிடவா?"

அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அவளும் கொடுத்தாள். ஸ்டேஷனில் இரு தரப்பும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. வனத்துறை அதிகாரி வந்து பேசி முடிக்கச் சாயந்திரமானது. நாயை அவிழ்த்துவிட்டவர் மேல்தான் தவறு என்று முடிவானது. வெளியே வந்ததும் அதிகாரி அவள் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க எங்ககூடச் சேந்து வேலை செய்யலாமே. வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேணும்" என்றாள்.

"எனக்கு அதுங்களைப் பிடிக்காது."

"தெரியும்."

"பிடிக்கும்னு சொல்லச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

இப்போது கீழ்க்குட்டைப் பாதை தொடங்குகிற இடத்தில் வெல்டர் செய்த ஓர் இரும்பு கேட் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாற்காலி. விடுமுறை நாட்களில் காலையில் அவள் அங்கே உட்கார்ந்திருப்பாள். நாயோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள், தின்பண்டப் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொள்வாள், பாட்டுப் போடுகிறவர்களின் போனை முறைத்தே அணைக்க வைப்பாள். கொழுந்தன் அந்த வழியாகப் போனால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக்கொள்கிறார்கள். மதகு இன்னும் திறக்கவில்லை. ஐஸ் வண்டி மட்டும் போன மாதம் ஒருநாள் தானாகவே நின்றது. ஓட்டுகிறவர் இறங்காமல், "அக்கா, என் பசங்க நீர்நாய் பாக்கணும்னு அழுவுறாங்க" என்றார்.

"ஐஸை இறக்கு மொதல்ல" என்றாள் அவள்.